ஊர்பவரும் சுமக்கப்படுபவரும்: சவ ஊர்திப் பெயர்களும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

இறந்தவரின் உடலை இடுகாட்டிற்கோ சுடுகாட்டிற்கோ கொண்டுசெல்லும் வண்டியை ஆங்கிலம் ‘ஹெர்ஸ்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. அச்சொல்லைத் தமிழில் பெயர்க்க வேண்டியவர் முன் பிண வண்டி, சவ வண்டி, சவ ஊர்தி, அமரர் ஊர்தி, சொர்க்க ரதம் எனப் பல சொற்கள் நிற்கின்றன. இவற்றுள் ‘அமரர் ஊர்தி’ என்பது அரசு மருத்துவமனை வண்டிகளின் பெயராகவும் செய்தித்தாள் வழக்காகவும் நிலைபெற்றுள்ளது. நிலைபெற்ற சொல் இருக்க வேறு சொல் எதற்கு என்னும் கேள்வி மொழிபெயர்ப்பாளருக்கு இயல்பாக எழும். அக்கேள்விக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. சவ ஊர்திக்கு இந்திய மொழிகள் எவ்வெவ்வாறு பெயரிடுகின்றன, அப்பெயர்களுள் இறந்தவர் எந்நிலையில் வைக்கப்படுகிறார், ஒரு பெயருக்குப் பதிலாக மற்றொன்றை இடும்போது மூலத்தின் பொருள் எங்கே பிறழ்கிறது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

இறப்பைப் பற்றிய சொற்களில் மறைப்பும் மாற்றும் இருப்பது தமிழ் இலக்கணிகள் நன்கு அறிந்த செய்தி. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துவார். மங்கலத்திற்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகளில் செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதும் சுடுகாட்டை ‘நன்காடு’ என்பதும் இடம்பெறுகின்றன. சுடுகாட்டிற்கு மங்கலப் பெயர் இட்ட மொழி, அங்குச் செல்லும் வண்டிக்கும் மங்கலப் பெயர் இடுவதில் வியப்பில்லை. ஆனால் மங்கலம் என்பது வழக்கின் ஒரு கூறு மட்டுமே. அதனையே முழு வழக்காகக் கொள்ளும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

1. பொருள் மறைந்த பெயர்

‘ஹெர்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. மண்கட்டிகளை உடைக்கும், பற்கள் பொருந்திய உழவுச் சட்டத்தை அது குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் புகுந்த பின்னர், தேவாலயத்தில் சவப்பெட்டிக்கு மேலே மெழுகுவர்த்திகளைச் செருகி நிறுத்தும் சட்டம், வடிவ ஒப்புமையால் அப்பெயர் பெற்றது. அதன் பின்னர்ப் பாடையையும், 17ஆம் நூற்றாண்டில் சவம் ஏற்றும் வண்டியையும் குறிக்கலாயிற்று. நாடக ஒத்திகையைக் குறிக்கும் ‘ரிகர்சல்’ என்னும் சொல்லும் இதே வேரினது. முன்பே கிளறிய மண்ணை மீண்டும் கிளறுதல் என்பது அதன் பழம்பொருள். இவ்விரு சொற்களுக்கும் உள்ள உறவை இன்று ஆங்கிலம் பேசுவோர் உணர்வதில்லை. பிரெஞ்சில் சவ வண்டிக்கு வழங்கும் ‘கொர்பியார்’ என்னும் சொல்லும் இத்தகையதே. பாரிசுக்கும் கொர்பேய் என்னும் ஊருக்கும் இடையே ஓடிய பயணப் படகின் பெயராயிருந்து, பெரிய வண்டியின் பெயராகி, இறுதியில் சவ வண்டியின் பெயராயிற்று.

இவ்வாறு மேலைமொழிகள் இரண்டிலும் இச்சொற்கள் பொருள் மறைந்த இடுகுறி போல் ஆகிவிட்டன. ‘ஹெர்ஸ்’ என்று சொல்லும் ஆங்கிலேயர் பிணம் என்றும் சொல்வதில்லை, சொர்க்கம் என்றும் சொல்வதில்லை. இந்திய மொழிகளில் இதற்கு ஈடாக வழங்கும் பெயர்களோ பெரும்பாலும் பொருள் விளங்கும் காரணப் பெயர்களாகவே உள்ளன. ஒவ்வொன்றும் இறந்தவரைப் பற்றி ஏதேனும் ஒன்றைச் சொல்லிவிடுகிறது. மூலமொழியில் ஒன்றும் சொல்லாத சொல், பெறுமொழியில் ஏதேனும் சொல்லியே தீர வேண்டியதாகிறது. மொழிபெயர்ப்புச் சிக்கலின் அடிப்படை இதுவே.

அரசு மரியாதையுடன் நிகழும் இறுதி ஊர்வலத்தைப் பற்றிய செய்திகளில் இதனைத் தெளிவாகக் காணலாம். ஆங்கிலத்தில் ‘கன் கேரேஜ்’ என்பது படைமரபால் தேய்ந்த தொடர்; கேட்போர் மனத்தில் அது பீரங்கியை எழுப்புவதில்லை. தமிழில் ‘பீரங்கி வண்டி’ எனும்போது பீரங்கி முன்னே வந்து நிற்கிறது. 1948 ஜனவரி 31 அன்று காந்தியடிகளின் உடல் படைக்கலம் ஏற்றும் இராணுவ வண்டி ஒன்றில் வைக்கப்பட்டு, இயந்திரம் இயக்கப்படாமல், முப்படை வீரர்களால் கயிறு கட்டி இழுத்துச் செல்லப்பட்டது. அகிம்சையைப் போதித்தவர் படை வண்டியில் சென்ற முரண்பாட்டை ஆங்கிலத் தொடர் எளிதில் கடந்துவிடும். தமிழ்த் தொடர் கடக்க விடாது. இங்கு மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டவில்லை. சொல்லின் பொருள் விளக்கமே கூட்டிவிடுகிறது.

2. இந்திய மொழிகளில் பெயரிடும் நெறிகள்

இந்திய மொழிகளில் இவ்வண்டிக்கு வழங்கும் பெயர்களை நான்கு வகைகளில் அடக்கலாம்.

(அ) சுமையால் பெயர் பெறுவன: இந்தியில் ‘சவ வாஹன்’, மராத்தியில் ‘சவவாகினி’, குசராத்தியில் ‘சபவாகினி’, வங்காளத்தில் ‘சவ்பாஹி காடி’, வடபுலத்து முசுலிம்களின் பேச்சில் ‘மய்யத் காடி’ முதலியன. தமிழின் பிண வண்டி, சவ வண்டி ஆகியவையும் இவ்வகையின.

(ஆ) சேருமிடத்தால் பெயர் பெறுவன: ஸ்வர்க ரத், வைகுண்ட ரத், முக்தி வாஹன் முதலியன. தமிழின் ‘சொர்க்க ரதம்’ இவ்வகை.

(இ) பயணத்தால் பெயர் பெறுவன: ஆந்திரத்தில் அரசு மருத்துவமனைகளின் சவ ஊர்திச் சேவைக்கு இட்ட ‘மகாபிரஸ்தானம்’, ஒடிசாவின் ‘மகாபிரயாண’ என்பன.

(ஈ) பயணியால் பெயர் பெறுவன: தமிழின் ‘அமரர் ஊர்தி’ இதற்குச் சிறந்த சான்று.

இரண்டாம் வகைப் பெயர்கள் சமயச் சார்புடையன. வைகுண்டம் என்பது வைணவரின் பேறு. பலரும் பயன்படுத்தும் பொது வண்டியின் மீது இப்பெயர் எழுதப்படும்போது, அதில் ஏற்றப்படும் அனைவருக்கும் ஒரே பேறு விதிக்கப்படுகிறது. முசுலிம்களிடையே ‘மய்யத் காடி’ தனிப்பெயராய் நிலைத்திருப்பதை இதனோடு சேர்த்து நோக்கலாம்.

மூன்றாம் வகைப் பெயர்கள் இலக்கிய நினைவுகளைச் சுமந்து வருகின்றன. ‘மகாபிரஸ்தானம்’ மகாபாரதத்தின் 17ஆம் பருவத்தை நினைவூட்டும். பாண்டவரும் திரௌபதியும் அப்பருவத்தில் நடந்தே செல்கின்றனர். ஒருவர் பின் ஒருவராய் வீழ்கின்றனர். எஞ்சிய தருமன் முன் இந்திரனின் தேர் வருகிறது. தன்னுடன் வந்த நாயை விட்டு அதில் ஏற அவன் மறுக்கிறான். தெலுங்கு வாசகருக்கு இச்சொல் 1950இல் நூலாக வெளிவந்த ஸ்ரீஸ்ரீயின் கவிதைத் தொகுப்பையும் நினைவூட்டும். அங்கு அது புரட்சிக்கான புறப்பாடு. ஆகவே ஆந்திரச் செய்தி ஒன்றில் வரும் ‘மகாபிரஸ்தானம் வாகனம்’ என்பதைத் தமிழில் ‘அமரர் ஊர்தி’ என மாற்றுவோர் சேவையின் பயனைப் பெயர்த்துவிடுகின்றனர். அப்பெயரின் நினைவுகளை இழக்கின்றனர். செய்திக்கு அவ்விழப்பு பொருட்டன்று. புனைகதைக்கு அது பேரிழப்பாகலாம்.

பயணப் பெயரின் மறுபக்கத்தை 2016 ஆகஸ்டில் ஒடிசாவின் காலாகண்டி மாவட்டத்தில் நிகழ்ந்தது காட்டியது. மருத்துவமனையில் இறந்த மனைவியின் உடலை ஊருக்குக் கொண்டுசெல்ல வண்டி கிடைக்காத பழங்குடியினர் ஒருவர், அதனைத் தோளில் சுமந்து மகளுடன் 10 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தார். ‘பெரும்பயணம்’ என்னும் பொருளுடைய திட்டப் பெயரை அந்நடையின் அருகில் வைத்துப் படிக்கும் எவர்க்கும் மங்கல வழக்கின் எல்லை விளங்கும். வண்டி இல்லாத இடத்தில் வண்டியின் மங்கலப் பெயர் கேலியாகிவிடுகிறது.

3. பாடை: வாழும் சொல்

வண்டி வருமுன் இருந்தது பாடை. தமிழில் பாடை, தெலுங்கில் பாடெ, கன்னடத்தில் சட்ட, மராத்தியில் திரடீ, இந்தியில் அர்த்தீ என வழங்கும் இச்சொற்கள் மூங்கிலும் கயிறும் கொண்டு கட்டிய ஒரே பொருளைக் குறிக்கின்றன. குசராத்தியின் ‘நனாமீ’ தனித்து நோக்கத்தக்கது. பெயரற்றது என்னும் பொருள் தரும் சொல்லே அங்குப் பாடையின் பெயர்; எழுதியவர் பெயர் இல்லாத கடிதத்தையும் அம்மொழியினர் இதே சொல்லடியால் குறிப்பர். பெயர் சொல்ல அஞ்சிய அச்சமே பெயராகி நிற்கிறது.

பழந்தமிழில் இப்பொருளுக்கு மறைப்பில்லாத, ஆனால் மென்மையான பெயர் ஒன்று உண்டு. புறநானூற்று 286ஆம் பாடலில் ஔவையார் அதனைக் ‘கால்கழி கட்டில்’ என்கிறார். இல்லத்துப் பொருளாகிய கட்டில், கால்களை இழந்ததால் வேறொன்றாகிறது. சவம் என்னும் சொல்லும் இல்லை, சொர்க்கம் என்னும் சொல்லும் இல்லை. வீட்டிலிருந்து ஒரு பொருளும் ஒரு மனிதனும் ஒருங்கே நீங்குவதை அப்பெயர் காட்டிவிடுகிறது.

இன்றைய தமிழில் ‘பாடை’யின் வழக்கெல்லை விரிவானது. பாடை கட்டுதல், பாடை தூக்குதல், பாடையில் போதல் ஆகிய சொற்சேர்க்கைகள் சடங்கிலும் வசையிலும் ஒருங்கே வழங்குகின்றன. தென்மாவட்டங்களில் தேர்போல் அலங்கரிக்கப்படுவது தேர்ப்பாடை எனப்படும். ஆட்சியாளரின் திட்டம் ஒன்றை எதிர்ப்போர் உருவபொம்மையைப் பாடையில் வைத்துத் தூக்கிச் சென்று போராடுவது தமிழகச் செய்திகளில் அடிக்கடி காணப்படுவது. அச்செய்தி ‘பாடை கட்டிப் போராட்டம்’ என்றே எழுதப்படும். அவ்விடத்தில் ‘அமரர் ஊர்தி’ என்று எழுத இயலாது. எழுதினால் எதிர்ப்பு அஞ்சலியாகிவிடும். திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் மாரியம்மன் கோயிலில், நோயினின்று பிழைத்தோர் பாடையில் படுத்துச் சுமக்கப்பட்டு நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். இதற்குப் ‘பாடைக் காவடி’ என்று பெயர். சாவைக் குறிக்கும் சொல் அங்கு மீண்ட உயிரைக் குறிக்கிறது. வசை, எதிர்ப்பு, வழிபாடு ஆகிய மூன்றிலும் இயங்கும் சொல்லை அமங்கலம் எனத் தள்ளிவிடும் மொழிபெயர்ப்பு இம்மூன்றையும் பெயர்க்கும் ஆற்றலை இழக்கும்.

4. அமரர் ஊர்தி: சொல்லமைப்பும் பொருளும்

4.1. ‘அமரர்’ என்பதன் நேர்ப்பொருள் இறவாதவர் என்பது. 121ஆம் திருக்குறளில் அது தேவரையே குறிக்கிறது. இறவாதவரைக் குறித்த சொல் இறந்தவரைக் குறிப்பதாயிற்று. இது மங்கல வழக்கு முற்றிலும் எதிர்ப்பொருளில் நிலைபெற்றதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டு அச்சு வழக்கில் ‘அமரர் கல்கி’ என்பது போல மறைந்த பெரியோரின் பெயருக்கு முன்னடையாக அது வந்தது. அங்கு அது புகழின் அடையாளம்.

4.2. ‘ஊர்தி’ என்பதும் பழமையான சொல். ஊர்தல் என்னும் வினை எறும்பு ஊர்தலையும் குதிரை ஊர்தலையும் ஒருங்கே குறிக்கும். ஊரப்படுவது ஊர்தி. புறநானூற்று 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழ் பெற்றோர் பாகன் செலுத்தாமலே செல்லும் விண்ணூர்தியைப் பெறுவர் எனச் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்கிறார். இறந்தோரின் செலவோடு இச்சொல் அன்றே தொடர்புற்றிருப்பது கருதத்தக்கது. இக்காலத்தில் வானூர்தி, அலங்கார ஊர்தி, தாய் சேய் ஊர்தி எனப் புதுச்சொற்கள் இதனடியாக எழுந்துள்ளன. பேருந்து, மகிழுந்து, சரக்குந்து ஆகியவற்றில் உள்ள ‘உந்து’ இயந்திரத்தை முதன்மைப்படுத்தும். ‘ஊர்தி’ ஏறிச் செல்பவரை முதன்மைப்படுத்தும்.

4.3. இத்தொகையை இருவகையில் விரிக்கலாம். அமரரது ஊர்தி என ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் இறந்தவர் உடையவராகிறார். அமரரைச் சுமக்கும் ஊர்தி என உருபும் பயனும் உடன்தொக்கதாக விரித்தால் அவர் சுமையாகிறார். ஆனால் ‘அமரர்’ என்னும் உயர்வும் ‘ஊர்தி’யின் வேர்ப்பொருளும் சேர்ந்து முதல் விரியின் பக்கமே கேட்போரைச் செலுத்துகின்றன. இலக்கண நிலையில் இறந்தவர் ஊர்பவர், வண்டி ஊரப்படுவது. வடமொழியின் ‘வஹ்’ என்னும் வேரினின்று வரும் வாஹன், வாகினி ஆகியவற்றில் வண்டியே சுமக்கும் வினைமுதல், இறந்தவர் சுமக்கப்படுபவர். ‘சவவாகினி’யும் ‘அமரர் ஊர்தி’யும் ஒரே வண்டியைக் குறித்தாலும் வினைமுதலை இடம் மாற்றி நிறுத்துகின்றன.

4.4. அமரர் ஊர்திக்குச் சார்பாகச் சொல்லத்தக்கது மிகுதியும் உண்டு. தமிழ்ச் சமூகத்தில் இறப்புச் சொற்கள் படிநிலை உடையன. ஒருவர் சிவலோகப் பதவி அடைவார், ஒருவர் காலமாவார், ஒருவர் இறப்பார், ஒருவன் செத்துப்போவான். உயிரோடிருந்தபோது ‘அர்’ விகுதி பெறாத கூலித் தொழிலாளி, அரசு மருத்துவமனையில் இறந்தபின் அவ்வண்டியின் பெயரால் அவ்விகுதியைப் பெறுகிறார். பெயர் தெரியாத உடலுக்கும் அதுவே பொருந்தும். சொர்க்கம், வைகுண்டம் ஆகியவற்றைவிட இதில் சமயச் சார்பும் குறைவு. பொது வண்டிக்கான பெயர் என்ற நிலையில் இதனினும் தக்கது காண்பது அரிது. குறை சொல்லில் இல்லை. அதனை எல்லாச் சூழலுக்கும் ஒரே நிகரனாகக் கொள்வதில் உள்ளது.

5. மொழிபெயர்ப்பில் பிறழும் இடங்கள்

5.1. யு. ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ (1965) முழுவதும் ஒரு பிணத்தை யார் எடுப்பது என்னும் கேள்வியின் மீது எழுந்த கன்னட நாவல். அக்கிரகாரத்தார் எவரும் நாரணப்பாவின் உடலைத் தொடாத நிலையில், அவனுடன் வாழ்ந்த சந்திரி முசுலிம் மீன் வணிகர் ஒருவரின் உதவியால் மாட்டு வண்டியில் அதனை இரவோடிரவாகக் கொண்டுசென்று எரித்துவிடுகிறாள். அங்கு வண்டி வெறும் வண்டி. பாடையில்லை, மந்திரமில்லை, சுமக்க உற்றார் இல்லை என்பதே கதையின் அடி. அவ்விடத்தை வேற்றுமொழியில் பெயர்ப்பவர் சவ வண்டி என்னும் பொருளுடைய எச்சொல்லை இட்டாலும், சடங்கு மறுக்கப்பட்டவனுக்குச் சடங்குப் பொருள் ஒன்றைத் தாமே அளித்தவராவார். பொதுச்சொல் பொதுச்சொல்லாகவே நிற்க வேண்டிய இடம் அது.

5.2. இதற்கு நேரெதிரான சிக்கலை எழுப்புவது குசராத்திக் கவிஞர் பாருல் கக்கர் 2021 மே மாதம் எழுதிய ‘சபவாகினி கங்கா’. பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கங்கையில் உடல்கள் மிதந்த நாள்களில் வெளிவந்த இச்சிறு கவிதை, மிகக் குறுகிய காலத்தில் பல இந்திய மொழிகளிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. அரசைத் தாக்குவது எனக் கண்டனத்திற்கும் உள்ளாயிற்று. அதன் ஆற்றலின் பெரும்பகுதி தலைப்பின் தொகையிலேயே அமைந்துள்ளது. ‘சபவாகினி’ என்பது குசராத்தியில் நகராட்சியின் சவ வண்டிக்கு வழங்கும் அன்றாடப் பெயர். ‘வாகினி’ என்பதற்கு ஆறு என்னும் பொருளும் உண்டு. அது பெண்பாற் சொல்லாதலால் கங்கை என்னும் பெண்பாற் பெயரோடு இயல்பாக இணைகிறது. சவ வண்டியாகிய கங்கை, சவங்களைச் சுமந்தோடும் கங்கை என்னும் இரு பொருளும் ஒரே தொகையில் பிரிக்க முடியாமல் கலந்துள்ளன.

தமிழில் இதற்கு எண்ணத்தக்க பெயர்ப்புகளை வரிசைப்படுத்தி நோக்கலாம். ‘பிணம் சுமக்கும் கங்கை’ எனில் ஆறு கிடைக்கிறது. நகராட்சி வண்டி மறைகிறது. ‘சவ ஊர்தியான கங்கை’ எனில் வண்டி கிடைக்கிறது. ஓட்டமும் தாய்மையும் மறைகின்றன. ‘சவவாகினி கங்கை’ எனில் மூலத்தின் ஒலி கிடைக்கிறது. ஆனால் தமிழ்த் தெருவில் ஓடும் எவ்வண்டிக்கும் அப்பெயர் இல்லை. அன்றாடச் சொல் அருஞ்சொல்லாகிவிடுகிறது. ‘அமரர் ஊர்தி கங்கை’ எனில் அன்றாட வண்டி முழுமையாகக் கிடைக்கிறது; ஆனால் 4.3இல் சுட்டிய வினைமுதல் மாற்றம் இங்கே கவிதையையே கவிழ்த்துவிடுகிறது. கேட்பாரற்று மிதந்த உடல்கள் கங்கையை ஊர்ந்து செல்லும் அமரர்களாகின்றன. புனித நதியில் சேர்ந்தோர் அமரராயினர் என்னும் ஆறுதலை, கவிதை எதிர்த்து நிற்கும் அதே ஆறுதலை, மொழிபெயர்ப்பு தானே வழங்கிவிடுகிறது.

இந்நான்கனுள் இழப்புக் குறைந்தது முதலாவது. வண்டியின் பெயரை இழந்தாலும் சுமப்பவள் யார், சுமக்கப்படுவது எது என்னும் உறவை அது காக்கிறது. ‘உடல்’ என்னாது ‘பிணம்’ என்பதும் இங்கு இன்றியமையாதது. இழந்த வண்டியைக் கவிதையின் உள்ளே வேறோரிடத்தில் ஈடுசெய்யும் வாய்ப்பு பெயர்ப்பவருக்கு உண்டு. தலைகீழான உறவை ஈடுசெய்ய வாய்ப்பில்லை.

5.3. பேச்சு வழக்கில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் உறவினர் பிணம் என்பதில்லை, அமரர் என்பதுமில்லை. ‘பாடி எப்ப வரும்’ என்றே கேட்கின்றனர். ஊர்தி என்பதுமில்லை, ‘வண்டி’ என்கின்றனர், அல்லது நோயாளியை ஏற்றும் வண்டிக்குரிய ‘ஆம்புலன்ஸ்’ என்பதையே இதற்கும் நீட்டிக்கின்றனர். பிறமொழிச் சொல்லின் பொருள் நெஞ்சைத் தாக்காமை இங்கு மங்கலத்தின் வேலையைச் செய்கிறது. உரையாடலைப் பெயர்ப்போர் இதனைக் கலப்பு எனக் கருதித் தூய்மைப்படுத்தினால், துயருற்றோர் வாயில் அலுவலக அறிவிப்பின் குரல் புகுந்துவிடும்.

6. முடிவுரை

சவ ஊர்திக்குத் தமிழில் சார்பற்ற ஒற்றைச் சொல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு குரலுக்கு உரியது. அரசின் குரலுக்கு அமரர் ஊர்தி, சட்டம் மற்றும் மருத்துவ நூல்களுக்குச் சவ ஊர்தி, சடங்கிற்கும் வசைக்கும் எதிர்ப்பிற்கும் பாடை, சினத்திற்கும் நேர்மொழிக்கும் பிண வண்டி, துயருற்ற வீட்டாரின் பேச்சிற்கு வெறும் வண்டி என அவை பிரிந்து நிற்கின்றன. ஆகவே மூலத்தில் உள்ள வண்டி எது என்பதோடு, அதனைப் பெயர் சொல்லி அழைப்பவர் யார், அவர் இறந்தவரைப் பயணியாகக் காண்கிறாரா சுமையாகக் காண்கிறாரா என்பதையும் மொழிபெயர்ப்பாளர் முதலில் தெளிய வேண்டும். இருமொழி அகராதிகளும் இச்சொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்குவதோடு நில்லாமல், வழக்குச் சூழலைக் குறித்தல் நலம்.

இறந்தோரை மதிக்கும் சொல் மொழிக்கு வேண்டும். இறந்தோருக்கு மதிப்பு மறுக்கப்பட்டதைச் சொல்லும் சொல்லும் அதே மொழிக்கு வேண்டும். முதலாவதை அமரர் ஊர்தி அளித்துள்ளது. இரண்டாவது, பாடை என்றும் பிணம் என்றும் முன்பே நம்மிடம் உள்ளது. மங்கலம் கருதி அதனை மொழிபெயர்ப்பினின்று விலக்காதிருத்தல் வேண்டும்.